கேலி பேச முறை வேண்டும்

ஈப்போவிலிருந்து கொண்டுபோன பெட்டியில் காப்பித்தூள், தைலக் குப்பிகள், பாத்தேக் கைலிகள் எல்லாம் வழக்கம்போல இருந்தன. கைலிகளுக்கு நடுவே, பிள்ளையைத் துணியில் சுற்றியது மாதிரி, ஒரு மைக்கும் இருந்தது. விமான நிலையத்துச் சோதனையில் இருந்த அதிகாரி அதை வெளியே எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “நீங்க பாடுவீங்களா சார்?” என்று கேட்டார். “நான் பாடினா நீங்க என்னை அடுத்த விமானத்துலயே திருப்பி அனுப்பிடுவீங்க” என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். மண்ணை மிதித்ததுமே ஒரு சிரிப்பு கிடைத்துவிட்டது, இனி எல்லாம் நன்றாகத்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக் கேட்டவள் கயல்விழி. என் தங்கை தனத்தின் ஒரே மகள், எனக்கு மருமகள் முறை. தனத்தைச் செம்பட்டிப் பக்கம் சொந்தத்தில் கட்டிக்கொடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் நான் வந்துபோன தடவைகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். கயல் செம்பட்டியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறாள். காது குத்து, கல்யாணம், சடங்கு, வீடு குடிபோவது என்று எந்த விசேஷமானாலும், அந்த வீட்டு ஆட்களின் பெயரை வைத்துப் பாட்டுச் செய்து கொடுப்பாள். மெட்டு, குரல், மேளம் மூன்றையும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும். வரிகளில் பாதி இவளுடையது, பாதி அதனுடையது. “பாட்டுக்கு முன்னாடி வீட்டு ஆளுக ரெண்டு வார்த்தை பேசணும்னு கேக்குறாக மாமா. போன்ல பதிஞ்சா தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. ஒரு நல்ல மைக்கா வாங்கிட்டு வாங்க” என்று சொல்லியிருந்தாள்.

எனக்கு இந்தச் செயற்கை நுண்ணறிவின் மேல் கொஞ்சம் முறைப்பு உண்டு. ஈப்போவில் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தமிழில் வசனவரி எழுதிப் பிழைப்பவன் நான். திரையின் கீழே ஓடும் எழுத்து. முன்பெல்லாம் நான் எழுதுவேன், இன்னொருவர் திருத்துவார். இப்போது அது எழுதுகிறது, நான் திருத்துகிறேன். வேலை போகவில்லை, பதவி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். என் மருமகளோ அதையே கூட்டாளியாக வைத்துத் தொழில் நடத்துகிறாள். இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதும் நான் கிளம்பியதற்கு ஒரு காரணம்.

வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனத்தின் கணவர் ரத்தினம் தென்னையும் காய்கறியும் போடுகிற விவசாயி. எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். ஈப்போவில் என் மனைவியின் தம்பி என் வழுக்கைத் தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தன் வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டான். மாப்பிள்ளை, மச்சான் என்றால் அப்படித்தானே. ரத்தினமோ என்னைக் கண்டதும் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நான் உட்கார்ந்த பிறகு, உட்கார்ந்திருக்கிறேனா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு. தனத்தின் கை அப்படியே எங்கள் அம்மாவின் கை. மிளகு தூக்கலாக, எண்ணெய் மிதக்க, சோற்றில் ஊற்றியதும் மூக்கில் ஏறியது. ரத்தினம் என்னிடம் எதையும் நேராகக் கேட்கவில்லை. “மச்சானுக்கு இன்னங் கொஞ்சம் வெஞ்சனம் வையி. மச்சானுக்குப் பாட்டில் தண்ணிய எடுத்து வையி” என்று தங்கையிடமே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் குடத்துத் தண்ணீர் குடித்தார்கள். எனக்கு மட்டும் கடையில் வாங்கிய தண்ணீர், மூடி திறக்காமல். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. சாப்பாடு அவ்வளவு ருசியாக இருந்தும், எனக்கு என்னவோ கல்யாண மண்டபத்தில் யார் வீட்டுப் பந்தியிலோ உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் கயலின் கூடத்துக்குப் போனேன். டிராக்டர் உதிரிப்பாகக் கடையின் மாடி. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டிவைத்திருந்தாள், வெளிச் சத்தம் வராமல் இருக்க. அப்படியும் கீழே யாராவது டிராக்டரை முடுக்கினால் பாட்டில் உறுமிக்கு அது துணைக்கு வந்துவிடுகிறதாம். கீழிருந்து டீ வந்தது. எங்கள் ஊரில் தேத்தாரே என்று ஒரு பெரிய குவளை நிறையத் தருவார்கள், பேசி முடிக்கும்வரை குடிக்கலாம். இங்கே டீ கண்ணாடி டம்ளரில் இரண்டு மடக்கு. ஆனால் பாலும் தூளும் கெட்டியாக, முதல் மடக்கிலேயே முழித்துக்கொள்ள வைக்கிறது.

நான் மைக்கைப் பிரித்துக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கிய நேரம் போன் அடித்தது. பேசப் பேச அவள் முகம் சுருங்கிவிட்டது. வைத்துவிட்டு, “போச்சு மாமா” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கிற செந்தில் என்பவரின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். செந்திலின் மனைவி சுகன்யாவுக்கு ஒரே அண்ணன், தங்கவேல். அவர் சீர்த்தட்டோடு வரும்போது போடுவதற்கு ஒரு பாட்டுக் கேட்டிருந்தார்கள், கயல் செய்து அனுப்பிவிட்டாள். முந்தின நாள் செந்திலும் சுகன்யாவும் தட்டில் வெற்றிலை பாக்கோடு தங்கவேல் வீட்டுக்கு முறையாக அழைக்கப் போனார்கள். சந்தோஷப்படட்டும் என்று அந்தப் பாட்டையும் போட்டுக் காட்டினார்கள். பாட்டு முடிந்ததும் தங்கவேல் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். தட்டை வாங்கவே இல்லை. காது குத்துக்கு வரமாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“அப்படி என்ன எழுதினே?” என்றேன்.

“நான் எழுதலயே மாமா. இந்த மாசம் முகூர்த்தம் நெருக்கி வந்துருச்சு. மாமன் பேரு, ஊரு மட்டும் குடுத்து, வரி அம்புட்டையும் அதையே எழுத விட்டுட்டேன்.” போட்டுக் காட்டினாள்.

*வானம் தொட்ட மலையே, வாடாத அன்புச் சிலையே,*
*குலம் காத்த விளக்கே, குணக்குன்றே எங்கள் மாமா…*

நாதஸ்வரம் குழைய, ஒரு பெண் குரல் உருகி உருகிப் பாடியது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. எதுகை மோனையெல்லாம் சரியாக விழுந்திருந்தன. இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அப்போது ரத்தினம் எங்கள் இருவருக்கும் சாப்பாட்டுத் தூக்கோடு படியேறி வந்தார். வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றாமல், செத்த நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏ ஆத்தா, யாரு தவறிட்டாக?” என்றார்.

கயல் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் வரும் வழியெல்லாம் பார்த்த சுவரொட்டிகள் ஞாபகம் வந்தன. கண்ணீர் அஞ்சலி. அன்பின் சிகரமே, குணக்குன்றே, எங்கள் குலவிளக்கே. ரத்தினம் எனக்கு நிதானமாக விளக்கினார். “உசுரோட இருக்கவன இம்புட்டுப் புகழ மாட்டாக மச்சான். அதுவும் தாய்மாமனுக்குப் பாட்டுன்னா அதுல பாதி கேலிதான் இருக்கும். கஞ்சன்பாக, தொந்தின்பாக, பொண்டாட்டிக்குப் பயந்தவன்பாக. அதக் கேட்டுக்கிட்டேதான் அவரு மீசைய முறுக்கிட்டு வருவாரு. கேலியே இல்லேன்னா அவர வேத்தாளாக்கிட்டாகன்னு அர்த்தம்.”

வேத்தாள் என்ற அந்த வார்த்தை என்னை எங்கோ போய்த் தொட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தூக்கைத் திறந்து, என் பங்கைத் தனித் தட்டில் வைத்து, நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கயலுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. ஒட்டன்சத்திரம் பக்கம் பெயர் கெட்டால் அது பழனி வரைக்கும் போய்விடும் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை அந்தத் தங்கச்சி. “சுகன்யா அக்கா போன்ல பேசவே முடியாம அழுகுறாக மாமா. ஒரே அண்ணன். எம் பாட்டால பிரிஞ்சு போயிட்டாகன்னா நான் என்னத்தப் பாட்டுச் செஞ்சு என்ன?”

உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தாய்மாமனைக் கேலி செய்து எழுதச் சொன்னாள். அது நொடியில் எழுதியது. தொப்பை, குறட்டை, தூக்கம், ஓசிச் சாப்பாடு. நான்கூடச் சிரித்துவிட்டேன். ரத்தினம் சிரிக்கவில்லை. “அந்தாளுக்குத் தொந்தி இருக்கா?” என்று கேட்டார். கயலுக்குத் தெரியவில்லை. “தொந்தி இருந்தாலும் அத அவரு மாப்பிள்ள சொன்னாத்தான் கேலி. மிசினு சொன்னா வம்பு. கேலி பேச மொற வேணும்ல.”

ஆக, கேலியைச் செந்தில் வாயிலிருந்தே பிடித்து வர வேண்டும் என்று முடிவானது. மூன்றாம் நாள் கயல் மைக்கையும் மற்ற சாமான்களையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு முன்னால் போனாள். எனக்கு இடம் இல்லை. செம்பட்டியில் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் வந்துவிடுங்கள் மாமா என்றாள். செம்பட்டி ஒரு முக்கு ரோடு. நாலா பக்கமும் பஸ் வந்து, நின்றும் நிற்காமலும் போகிறது. எங்கள் ஊர் பஸ்ஸில் ஓட்டுநர் நாம் உட்காரும்வரை பொறுப்பார். இங்கே நடத்துநர் விசில் ஊதினால் உன் ஒரு கால் எங்கே இருக்கிறது என்பது உன் பாடு. கூட்டம் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். கடைசி ஊர்வரை ஒரு டிக்கெட் என்று கெத்தாகக் கேட்டும் வாங்கினேன்.

பக்கத்தில் ஒரு அம்மாள், காலடியில் மல்லிகைப் பூ மூட்டை. “எந்தூருய்யா?” என்றார். மலேசியா என்றேன். “அங்கிட்டு மல்லி பூக்குமா?” பூக்கும், ஆனால் இந்த வாசம் இருக்காது என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி மொட்டை அள்ளி என் கையில் கொட்டினார். “வீட்டுக்காரம்மாவுக்குக் கொண்டு போங்க” என்றார். கடல் தாண்டிக் கொண்டுபோவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போய்விட்டார். நான் அந்தப் பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே தென்னந்தோப்புகளையும் பந்தல் காய்கறிகளையும் பார்த்தபடி ஆனந்தமாகப் போனேன்.

கடைசி ஊரில் இறங்கியதும் பசி. பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் பரோட்டாவை இரண்டு கையாலும் தட்டி நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றித் தந்தார்கள். எங்கள் ரொட்டிச் சானாய் மெதுவாக மடிந்து படுத்திருக்கும். இது சண்டைக்கு வந்தது மாதிரி மொறுமொறுவென்று நிற்கிறது. திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுக் கயலுக்குப் போன் போட்டேன். “வந்து சேர்ந்துட்டேன் கயலு. ஒட்டன்சத்திரம் நான் நெனச்சதுக்கு மேல நல்லா முன்னேறியிருக்கு. சாப்பாடும் பிரமாதம். நான் எங்க நிக்கணும்?”

அவள் மிகப் பக்குவமாக, “மாமா, எதிர்ல இருக்க கடை போர்டுல ஊர் பேரு என்ன போட்டுருக்குன்னு படிங்க” என்றாள்.

வத்தலக்குண்டு என்று போட்டிருந்தது.

அது நேர் எதிர்ப் பக்கம். திரும்பவும் செம்பட்டி வந்து, நாலு பேரிடம் கேட்டு, வேறு பஸ் ஏறி நான் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. யாராவது விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று தயாராகத்தான் போனேன். கயல், “பரவால்ல மாமா, எல்லா பஸ்ஸும் ஒண்ணு போலத்தான் இருக்கும்” என்றாள். செந்தில் ஓடி வந்து, “வாங்க வாங்க, உக்காருங்க. ஏனுங்க, வத்தலக்குண்டு வரைக்கும் அலைஞ்சீங்களாமா? ரொம்பச் சிரமமுங்க” என்று இளநீர் வெட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் ரத்தினம், “நம்ம செம்பட்டி ரோடு அப்படி மச்சான், யாருக்குமே கொழம்பத்தான் செய்யும்” என்றார். தனத்தின் உதடு மட்டும் துடித்தது. அவளும் அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்படி ஒரு கூத்தை ஈப்போவில் செய்திருந்தால் என் பிள்ளைகளின் கல்யாணம்வரை சொல்லிச் சிரித்திருப்பார்கள். அன்று படுக்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

மண்டியில் நடந்ததைச் சொல்லவில்லையே. முருங்கைக்காய் கட்டுகள் ஒரு பக்கம், தக்காளிப் பெட்டிகள் ஒரு பக்கம். நான் போனபோது செந்தில் அந்த மைக்கின் முன்னால் விறைப்பாக நின்று, “எனது பாசத்திற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களே” என்று ஆரம்பித்து வியர்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இதே கதைதானாம். கயல் கெட்டிக்காரி. “சரிங்கண்ணா, பேச்சு போதும், டீ சாப்பிடுங்க” என்று மைக்கை எடுத்துத் தக்காளிப் பெட்டி மேல் சும்மா வைப்பதுபோல் வைத்தாள், அணைக்காமல். பிறகு சுகன்யாவிடம் திரும்பி, “ஏங்க்கா, உங்க கல்யாணத்துல அண்ணன் எப்படி இருந்தாரு?” என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

சுகன்யா பதில் சொல்வதற்குள் செந்தில் பாய்ந்துவிட்டார். “எங்க மச்சானுங்களா? பொண்ணு அழுவலீங்க. பொண்ணோட அண்ணன்தான் அழுதாரு. தேங்கித் தேங்கி! இவ தாலிய ஒரு கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில அவரு கண்ணத் தொடச்சுவுட்டா. வீடியோக்காரரு பொண்ண வுட்டுப்போட்டு அவரையே எடுத்துட்டாருங்க. எங்க கல்யாண வீடியோவுல நான் வாரதே கொஞ்ச நேரந்தான். நம்பலீன்னா போட்டுப் பாருங்க!” சுகன்யா சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மூன்று நாளில் அந்த முகத்தில் வந்த முதல் சிரிப்பு என்று பக்கத்து மண்டிக்காரர் சொன்னார்.

நான்காம் நாள் முழுதும் கூடத்தில். கயல் பல்லவியை எழுதினாள், இயந்திரத்திடம் கொடுத்தாள். அது மெட்டைப் போட்டுத் தந்ததோடு நிற்காமல் வரியையும் திருத்தித் தந்தது. ‘அழுதாரு’ என்று இருந்ததை ‘ஆனந்தக் கண்ணீர் வடித்தார்’ என்று மாற்றியிருந்தது. கயல் பழையபடி மாற்றினாள். அடுத்த தடவை ‘நெகிழ்ந்து நின்றார்’. அதற்கு யாரையும் அழவைக்க மனசு வரவில்லை. “ஏலே, அழுதாருன்னா அழுதாருதான்!” என்று அவள் திரையைப் பார்த்துக் கத்தியதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் ஈப்போவில் தனியாக உட்கார்ந்து போடும் சண்டை அல்லவா அது.

பிறகு ஒன்று நடந்தது. கும்மி தாளத்தில் வந்த ஒரு மெட்டில், பல்லவி முடிந்ததும் மேளம் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு மொத்த வாத்தியமும் வந்து விழுந்தது. “இத நான் கேக்கவே இல்ல மாமா. அதுவா செஞ்சிருக்கு” என்றாள். சிரிப்பு வருகிற இடத்தில் அடுத்த வரியைக் கொஞ்சம் தாமதித்துப் போட வேண்டும் என்று நான் கற்றுக்கொள்ள எத்தனையோ வருடமாயிற்று. இதற்கு யார் சொன்னார்கள்? ஆயிரமாயிரம் பாட்டுக்காரர்கள் எப்போதோ நிறுத்திக் காட்டியதைக் கேட்டுத்தானே வைத்திருக்கிறது. என் முறைப்பில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. கயல் அந்த இடைவெளியில், டிராக்டர் சத்தம் இல்லாத நேரம் பார்த்து, செந்திலின் குரலை வெட்டி வைத்தாள். “நம்பலீன்னா போட்டுப் பாருங்க!” நாங்கள் இருவரும் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தோம்.

மறுநாள் தங்கவேல் வீட்டுக்கு. வெற்றிலைத் தட்டோடு சுகன்யா, பின்னால் செந்தில், ஸ்பீக்கரோடு கயல். வெளிநாட்டுக்காரர் முன்னால் சண்டை போட மாட்டார் என்பதற்காக நான். முருங்கைத் தோட்டத்துக்கு நடுவே வீடு. தங்கவேல் ஒல்லியான மனிதர். தொந்தி இல்லை, நல்ல வேளை. எனக்கு மட்டும், “வாங்க, மோர் சாப்பிடுங்க” என்று ஒரு செம்பை நீட்டினார். தங்கையைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காத பக்கமாகவே அவள் நின்றாள்.

“ஒரே ஒரு தடவ கேளுங்கண்ணா” என்று கயல் பாட்டைப் போட்டாள்.

*பொண்ணு அழுகல, பொண்ணு அழுகல,*
*பொண்ணோட அண்ணன்தான் அழுதாரு…*

மேளம் நின்றது. “நம்பலீன்னா போட்டுப் பாருங்க!”

தங்கவேல் பாட்டு முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் தூக்கிச் செந்திலைப் பார்த்தார். “பொய்யுங்க அது. நான் எங்கீங்க அழுதேன்? ஓமப் புகை.” என்னிடம் திரும்பினார். “ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. முகூர்த்த நேரத்துக்கு மாப்பிள்ளை எங்கே இருந்தாருன்னு கேளுங்க. பந்தியில! தாலி கட்ட ஆளத் தேடறோம், இவரு எலையில பாயசத்த வழிச்சுட்டு இருக்காரு. நான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். அதப் போடுங்க பாட்டுல. அதப் போட்டாத்தான் நான் வருவேன்.”

கயல் மைக்கை நீட்டினாள். அவர் அதைச் செந்தில்போல் கண்டு மிரளவில்லை. கிட்டே இழுத்து, “பாயசம் ஆறிப்போயிருமாமா!” என்றார், அப்படியே செந்தில் குரலில். சுகன்யா வாய்விட்டுச் சிரித்தாள். “சிரிக்காத கண்ணு. அன்னிக்கே சொன்னேன், வேற எடம் பாக்கலாம்னு” என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டை வாங்கினார். “ஏம்மா, அந்த மொதப் பாட்டக் கேட்டு, எங்கண்ணு என்னைய ஒறம்பரை ஆக்கிப்போட்டாளேன்னு நெனச்சுட்டேன்” என்று தங்கையிடம் மெதுவாகச் சொன்னார். ஒறம்பரை என்றால் அந்தப் பக்கத்தில் வந்து போகிற விருந்தாளி. நான் மோரைக் குடிப்பதுபோல் முகத்தைச் செம்புக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. சீரகச் சம்பா பிரியாணியின் வாசம் சாமி கும்பிட விடவில்லை. எங்கள் ஊர் பிரியாணியில் பட்டையும் ஏலமும் முன்னால் வந்து நிற்கும். இது மிளகும் கறியுமாக, பொடி அரிசி நாக்கில் உருண்டது. தங்கவேல் சீர்த்தட்டுகளோடு வந்தார், பாட்டு ஸ்பீக்கரில் அலறியது, மேளம் நின்ற இடத்தில் ஜனம் விழுந்து புரண்டு சிரித்தது. அடுத்த சரணத்தில் செந்தில் பாயசத்தோடு மாட்டிக்கொண்டார். தங்கவேல் மீசையை முறுக்கிக்கொண்டேதான் வந்தார், ரத்தினம் சொன்னது சொன்னபடி. மடியில் வைத்துப் பாப்பாவின் காதில் ஊசி இறங்கியதும் அது வீறிட்டது. மாமனும் பொலபொலவென்று அழுதுவிட்டார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கை தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டது. “பொண்ணோட மாமன்தான் அழுதாரு…” வரியை யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை. கயல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள்.

மறுநாள் காலை கொடைரோடு ஸ்டேஷனில் என்னை வண்டியேற்ற எல்லோரும் வந்தார்கள். ரத்தினம் நடைமேடைப் பெஞ்சைத் துண்டால் துடைத்தார். கடைக்குப் போய்ப் பாட்டில் தண்ணீர் வாங்கிவந்தார். சிறுமலை வாழைப்பழச் சீப்பு ஒன்றை என் மடியில் வைத்து, “மச்சான், குட்டியா இருக்குன்னு பாக்காதீக, நல்லா இனிக்கும்” என்றார். தனம் கண்ணைத் துடைத்தாள். நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். மாப்ள, அந்த நாற்காலியைத் துடைக்காமல் போடுங்களேன் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அதற்கும் மன்னிப்புக் கேட்பார் என்று பயமாக இருந்தது. வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் நின்று, கை கூப்பி, “மறுபடி வரணும்” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

கொடைரோடு பின்னால் போனதும் போன் அதிர்ந்தது. கயல் ஒரு பாட்டு அனுப்பியிருந்தாள். ‘அப்பா குரல், நீங்க குடுத்த மைக்கு, மிச்சம் மிசினு’ என்று எழுதியிருந்தாள். போட்டேன். அதே கும்மி தாளம்.

*ஒட்டன்சத்திரம் போன மச்சான்*
*வத்தலக்குண்டுல எறங்குனாரு…*

மேளம் நின்றது. அந்த ஒரு மூச்சு இடைவெளியில், ஒரு வாரமாக நான் கேட்காத ஒரு குரலில், ரத்தினம் பேசினார். “எறங்குனதுமில்லாம, ஊரு நல்லா முன்னேறியிருக்குங்குறாரு! மலேசியாவுல போர்டு படிக்கச் சொல்லித் தரலயாடா மச்சான்?” பின்னால் தனம் அடக்கமாட்டாமல் சிரிக்கும் சத்தம். பிறகு மொத்த வாத்தியமும் வந்து விழுந்தது.

டா என்று சொல்லியிருந்தார். நான் திரும்பப் போட்டேன். மறுபடியும் போட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடினேன். வத்தலக்குண்டு போன அன்று போட்டிருந்த அதே சட்டை, பஸ்ஸில் அந்த அம்மாள் தந்த மல்லிகைதான் வாடிப்போய்க் கையில் வந்தது. எதிர் இருக்கையில் இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யாரைங்க சார் இப்படிக் கிண்டல் பண்றாங்க?” என்று கேட்டார்.

“என்னைத்தாங்க” என்றேன். “என் மாப்பிள்ளை.”